சேலைக்கு நடுவே இரண்டு விரற்கடை

எனக்கு வாய் நீளம் என்று தேவகோட்டையில் எங்கள் தெருவே சொல்லும். சொல்லட்டும். ஆனால் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அந்த வாயைப் பன்னிரண்டு வருஷம் இறுக்கி மூடி வைத்திருந்தேன். மூடியிருக்கக் கூடாத இடத்தில் மூடினேன். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

என் பெயர் மலையம்மாள். பிறந்த ஊர் கண்டரமாணிக்கம். கூடப் பிறந்தது ஒரே அண்ணன், செம்மலை. நான் வாழ்க்கைப்பட்டுப் போன மறு வருஷமே அப்பாவும் ஆத்தாவும் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். அப்புறம் பிறந்த வீடு என்றால் எனக்கு அண்ணன் ஒருவர்தான். எங்கள் பக்கத்தில் கல்யாணமாகிப் போன பெண்ணுக்குத் தைப்பொங்கல்தோறும் பிறந்த வீட்டுச் சீர் வரவேண்டும். பச்சரிசி, வெல்லம், மஞ்சள் கொத்து, கரும்பு, புதுப்பானை, அதற்கெல்லாம் மேலே ஒரு சேலை. அண்ணன் ஒரு பொங்கலைக்கூடத் தவறவிட்டதில்லை. மழை பொய்த்து வயல் வெடித்துக் கிடந்த வருஷத்தில்கூட, வண்டி மாட்டுக்குத் தீனியில்லை என்று எல்லாவற்றையும் தலையில் சுமந்து நடந்தே வந்தார்.

சேலை எப்போதும் கண்டாங்கிதான். காரைக்குடித் தறியில் நெய்த கெட்டிப் பருத்தி. அரக்குச் சிவப்பில் மஞ்சள் கட்டம், அல்லது கறுப்பில் சிவப்புக் கட்டம். எங்கள் ஆத்தா அதைத்தான் கட்டினாள். நானும் அதைக் கட்டித்தான் வளர்ந்தேன்.

என் வீட்டுக்காரர் மாயக்கண்ணன் ரங்கூனில் ஒரு செட்டியார் கடையில் வேலை பார்த்தார். கொஞ்சம் கையில் சேர்ந்ததும் தேவகோட்டையில் ஒரு சிறிய வீடு வாங்கிப்போட்டு, என்னையும் கைப்பிள்ளை அழகியையும் அங்கே குடிவைத்துவிட்டு மறுபடி கப்பலேறினார். குடிவந்த முதல் நாள் குடத்தை எடுத்துக்கொண்டு ஊருணிக்குப் போனேன். அங்கே நின்ற எதிர்வீட்டுக் காளியாயி என் கண்டாங்கியைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள்.

"களை எடுக்க வந்த ஆளா? இங்குட்டு எறங்காதீக. வேலைக்கு வாரவுக அங்குட்டுத்தான் தண்ணி குடிக்கணும்" என்றாள்.

படித்துறையே சிரித்தது. அவர்கள் எல்லோரும் மெல்லிசான சீமைச் சேலையில் நின்றார்கள். நான் ஒருத்திதான் கட்டம் போட்ட கெட்டிச் சேலையில். எனக்குத் தலையே இறங்கிப் போயிற்று. வீட்டுக்கு வந்து, ரங்கூனிலிருந்து வந்த சீமைச் சேலை ஒன்றை எடுத்துக் கட்டியவள்தான். அப்புறம் கண்டாங்கியை வெளியே கட்டவே இல்லை.

சீமைச் சேலையில் ஒரு தொல்லை உண்டு. கட்டியிருக்கிறோம் என்று நமக்கும் தெரியாது, பார்க்கிறவர்களுக்கும் தெரியாது. அத்தனை மெல்லிசு. உள்ளே கெட்டியாக ஏதாவது கட்டித்தான் தீரவேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? அண்ணன் கொடுத்த பதினாறு முழக் கண்டாங்கியை நடுவில் கத்தரித்து இரண்டாக்கினேன். ஒன்றை உள்ளே சுற்றிக்கொள்வேன், மற்றது துவைத்துக் கொடியில் காயும். வெட்டிய இடத்தில் பிசிறு பிரிந்து பிரிந்து வந்தது. அதை மடித்து மடித்துத் தைப்பதற்குள் விரலெல்லாம் பொத்தல். சரி, பொங்கலுக்குப் பொங்கல் புதுச் சேலை வருகிறது, புதிதாக வெட்டிக்கொள்கிறோம் என்று விட்டுவிட்டேன்.

அண்ணன் வரும்போது நான் சீமைச் சேலையில்தான் நிற்பேன். "போன வருசச் சேலை நல்லாருந்துச்சா தாயி?" என்று கேட்பார். "நல்லாருந்துச்சுண்ணே" என்பேன். சாப்பிடுவார், அழகியைத் தூக்கிக் கொஞ்சுவார், போய்விடுவார். ஏன் கட்டவில்லை என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

இப்படி இரண்டு சேலைகளை வெட்டியாயிற்று. மூன்றாவது பொங்கலுக்கு வந்த சேலையைப் பிரித்தேன். சரியாக நடுவில், இரண்டு விரற்கடை அகலத்துக்கு நெய்யாமல் விட்டிருந்தது. நீளவாட்டு நூல் மட்டும் ஓடியது, குறுக்கு நூல் இல்லை. தறியில் ஒரு சேலை முடிந்து அடுத்த சேலை தொடங்கும் இடத்தில் அறுப்பதற்கு விடுவார்களே, அதே மாதிரி. அந்த இடத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சிவப்பில் கெட்டியாக ஒரு கரை.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. நெசவுக்காரன் இரண்டு துண்டுத் துணியை ஒரே சேலை என்று என் அண்ணன் தலையில் கட்டிவிட்டான். அண்ணன் வெள்ளந்தி. கடையில் சேலையைப் பிரித்துப் பார்க்கிற ஆளில்லை. 'பாவிப்பய நல்லா ஏமாத்திட்டான்' என்று வைதுகொண்டேதான் கத்தரியை எடுத்தேன். அந்த இடத்தில் வைத்தேன். வெண்ணெயாய் வெட்டிக்கொண்டு போனது. பிசிறு இல்லை, தையல் இல்லை. வெட்டினால் போதும், கட்டிக்கொள்ளலாம்.

அப்போதே அண்ணனிடம் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால், சேலையைக் கொடு, மாற்றி வாங்கி வருகிறேன் என்பார். சேலையை வெட்டுகிற கதை வெளியே வந்துவிடும். அது மட்டுமா? அந்த ஓட்டை எனக்குச் சௌகரியமாக இருந்தது. உள்ளதைச் சொல்கிறேன். அடுத்த பொங்கலுக்கும் ஓட்டை இருந்தது. அதற்கடுத்த பொங்கலுக்கும் இருந்தது. என் அண்ணனை ஒருவன் வருஷா வருஷம் ஏமாற்றுகிறான் என்று தெரிந்தும் வாயைத் திறக்காமல் வெட்டிக்கொண்டிருந்தேன்.

உப்புச் சத்தியாக்கிரகம் நடந்த மறு வருஷம், பிரஜோற்பத்தி பிறப்பதற்குச் சற்று முன்னால் காற்று திசை மாறியது. கடைத்தெருவில் சீமைத்துணிக்கு மறியல். காங்கிரஸ்காரர்கள் ஜவுளிக்கடை வாசலில் படுத்துக்கொண்டார்கள். அது கடைத்தெருவோடு போயிருக்கும். ஆனால் ஒரு வெள்ளிக்கிழமை பெரிய வீட்டு ஆச்சி சிவன் கோயிலுக்கு அரக்குக் கண்டாங்கி கட்டி, பின்கொசுவம் வைத்து, காலில் காப்பு தெரிய நடந்து வந்தார். எங்கள் தெருவுக்கு அது போதும். ஒரு மாதத்தில் ஊருணிப் படித்துறை முழுக்கக் கட்டம் கட்டமாக நின்றது. சீமைச் சேலையில் போனால் "இன்னுமா இதக் கட்டுறீக?" என்று கேட்கிற காலம் வந்துவிட்டது.

காளியாயி என்னிடமே வந்தாள். களை எடுக்க வந்த ஆளா என்று கேட்ட அதே காளியாயி.

"ஏன் மலையம்மா, நல்ல கண்டாங்கி எங்க கெடைக்கும்? உங்க ஊருப் பக்கந்தான அதெல்லாம்?"

எனக்குத் தலைக்கேறிவிட்டது. "எனக்கு எதுக்கு வாங்கணும்? எங்க அண்ணன் வருசந்தவறாமக் குடுத்தது பதினாலு சேலை பெட்டியில கெடக்கு" என்றேன்.

"அப்படியா? வார வெள்ளிக்கெழமதான உன் மகளுக்குப் பரிசம்? அன்னைக்கு ஒண்ணக் கட்டு, பாப்போம்."

"கட்டாம?" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அழகிக்கு நெற்குப்பையில் மாப்பிள்ளை பார்த்திருந்தோம். பரிசத்துக்கு அவர்கள் தட்டோடு வருவார்கள். தாய்மாமன் சபையில் உட்கார்ந்து வெற்றிலை மாற்றினால்தான் பரிசம். அண்ணன் வருவார்.

வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தேன். பதினாலு சேலையாவது! ஒன்று தொட்டிலாகி, இரண்டு மூன்று அடுப்படித் துணியாகி, ஒன்று லாந்தர் கண்ணாடி துடைத்துக் கறுத்து, இரண்டு அரைச் சேலை கொடியில் தொங்கின. முழுதாகக் கிடந்தது இந்தப் பொங்கலுக்கு வந்த ஒன்றுதான். பிரித்தேன். நடுவில் அதே இரண்டு விரற்கடை.

அதை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தபோதுதான் காளியாயி மறந்து போனாள், அண்ணன் முகம் வந்தது. பதினாலு வருஷமாக ஒரு மனிதர் தவறாமல் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். ஒரு நாளாவது அதைக் கட்டி அவர் முன்னால் நான் நிற்கவில்லை. மகளுக்குப் பரிசம் போடுகிற அன்றைக்காவது, அவர் கொண்டுவந்த சேலையில், முழுச் சேலையில், என்னை அவர் பார்க்கவேண்டும். வேறு எதுவும் எனக்கு வேண்டாம் என்று தோன்றியது. அது தோன்றியதும் நெசவுக்காரன் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

சேலைக் கரையில் தறிக்காரர் அடையாளமாக ஒரு பச்சை நூல் ஓடும். அதை வைத்துக் காரைக்குடியில் விசாரித்தால் ஆள் கிடைப்பான். ரங்கூனை விட்டு அதற்கு முந்தின வருஷமே ஊரோடு வந்துவிட்ட என் வீட்டுக்காரரைக் கிளப்பிக்கொண்டு, மறுநாள் காலையிலேயே மோட்டார் வண்டி ஏறினேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாலே கேட்கமாட்டார், பாவம்.

நெசவாளர் தெருவில் பச்சை நூலைக் காட்டியதும் ஒரு வீட்டைக் கைகாட்டினார்கள். சொக்கு என்பவர் குழித்தறியில் உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் வாசலிலேயே வெற்றிலையைப் பிரித்துக்கொண்டார். நான் உள்ளே போய்ச் சேலையைத் தறிக்கு முன்னால் விரித்துப் போட்டேன்.

"இந்த ஓட்டைய நெய்ஞ்சது நீங்கதானா?"

சொக்கு குனிந்து பார்த்தார். பெருவிரலால் அந்தச் சிவப்புக் கரையைத் தடவினார். "நாந்தான். அப்ப நீங்க கண்டரமாணிக்கத்துச் செம்மலை தங்கச்சியா?"

"ஆமா. எங்க அண்ணன் ஒண்ணுந் தெரியாத மனுசன். அவரப் போயி வருசா வருசம் ரெண்டு துண்டக் குடுத்து ஏமாத்தியிருக்கீகளே, இது நல்லாருக்கா? எனக்கு வெள்ளிக்கெழமைக்குள்ள முழுச் சேலை வேணும்."

அவர் மிதிபலகையிலிருந்து காலை எடுத்தார். தறி நின்றது.

"இந்தா ஆத்தா, பாத்துப் பேசுங்க. எங்க அப்பன் காலத்துல இருந்து இந்தக் குழியில உக்காந்து நெய்யுறோம். சேலை வயித்துல ஓட்டை வச்சு எவனாச்சும் நெய்வானா? மாட்டேன், என் தொழிலுக்குக் கேடுன்னு சொன்னேன். உங்க அண்ணன் போயிட்டாரு. மறு வாரம் வந்தாரு. மாட்டேன்னேன். மூணாந் தடவையும் வந்து இந்த நெலப்படியில உக்காந்துட்டாரு."

"எங்க அண்ணனா கேட்டாரு?"

"அவருதான். 'எந்தங்கச்சி இருக்குற ஊருல இதக் கட்டுனாச் சிரிக்கிறாகளாம். அவ ரெண்டா வெட்டி உள்ள கட்டிக்கிறா. கொடியில காயும்போது பாத்தேன். வெட்டுன எடத்துலயெல்லாம் பிசிறு. மடிச்சு மடிச்சுத் தச்சிருக்கா, தையல் பூரா கோணக்கோணையா இருக்கு. சின்னப் புள்ளையிலருந்தே அவளுக்கு ஊசி பிடிக்க வராது. நீ நடுவுல ரெண்டு வெரக்கடை விட்டு, ரெண்டு பக்கமும் கரையக் கெட்டியாப் போட்டுக் குடுத்துரு. அவ வெட்டிக்கிட்டாப் போதும்'னாரு."

விரித்துப் போட்ட சேலையை வாரி எடுத்து மார்போடு வைத்துக்கொண்டேன்.

சொக்கு கொஞ்சம் இறங்கிய குரலில் சொன்னார்: "எனக்கே மனசு கேக்கல ஆத்தா. நாம குடுக்குற சேலைய வெட்டிப் போடுறாளே, உமக்கு வருத்தமா இல்லையாய்யான்னு கேட்டுப்புட்டேன். 'இதுல என்னய்யா வருத்தம்? மேல கட்டுனா ஊரு பாக்கும். உள்ள கட்டுனாலும் எந்தங்கச்சி ஒடம்புலதான இருக்கு'ன்னாரு."

முந்தானையை வாயில் வைத்து அழுதேன். அந்த முந்தானை சீமைச் சேலை முந்தானை. அழுவதற்குக்கூட உதவாது, நனைந்து சுருண்டுவிட்டது.

சொக்கு தறியில் இருந்த துணியைக் காட்டினார். அரக்கில் மஞ்சள் கட்டம், முக்கால்வாசி முடிந்திருந்தது. "இதுவும் உங்களுக்குத்தான். போன வாரம் வந்து சொல்லிட்டுப் போனாரு. 'இந்தத் தடவை எடம் விடாத. தேவகோட்டையிலயும் இப்ப எல்லாரும் கண்டாங்கிதான் கட்டுறாகளாம். எந்தங்கச்சி முழுசாக் கட்டுவா'ன்னாரு. வாய் நெறையச் சிரிப்பு. வெசாழக்கெழமை வந்து வாங்கிக்கிருவாரு. நீங்க இப்பமே வேணும்னாலும் ராத்திரிக்குள்ள முடிச்சுத் தாரேன்."

"வேணாம். அவரு கையாலயே வரட்டும்" என்றேன். வந்ததற்கு ஒரு கண்டு சிவப்பு நூல் மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன். வைதது தப்பு என்று சொல்லிக் கும்பிட்டுவிட்டுத்தான் கிளம்பினேன்.

மோட்டார் வண்டியில் என் வீட்டுக்காரர், "என்னாச்சு?" என்று கேட்டார். சொன்னேன். வாயிலிருந்த வெற்றிலையை வெளியே துப்பினார். "எனக்கும் தெரியும்தான். மச்சான் ஒருக்க ஏங்கிட்டச் சொன்னாக. ஓங்கிட்டச் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாக" என்றார். அவரை நான் அப்புறம் என்ன சொன்னேன் என்பது இங்கே வேண்டாம்.

வெள்ளிக்கிழமைக்குள் அந்தப் பொங்கல் சேலையின் நடு இடத்தைச் சேர்த்து மடித்துச் சிவப்பு நூலால் தைத்தேன். என் தையல் கோணல்தான். இரண்டு முறை பிரித்துத் தைத்தும் கோணல்தான். பின்கொசுவம் வைத்துக் கட்டிப் பதினாலு வருஷம் ஆகியிருந்தது. கை மறந்திருக்குமென்று நினைத்தேன், மறக்கவில்லை. "தையலக் கொசுவத்துக்குள்ள ஒளிச்சுக்கங்கம்மா" என்று அழகி சொன்னாள். நான் சுற்றை மாற்றி, தையல் முன்பக்கம் இடுப்புக்குக் கீழே நேராக வரும்படி கட்டினேன்.

மாப்பிள்ளை வீட்டார் வந்திறங்கினார்கள். பெண்கள் ஏழு பேரும் கண்டாங்கியில்தான் வந்தார்கள். கஞ்சி மடிப்புக்கூடக் கலையாத புதுச் சேலைகள். முற்றம் நிரம்பிவிட்டது. காளியாயியின் கண் நேராக என் தையலில் போய் நின்றது.

"என்ன மலையம்மா, ஒட்டுப்போட்ட சேலையா? பதினாலு இருக்குன்னியே?" என்றாள், ஏழு பேருக்கும் கேட்கும்படி.

அந்த நேரம் பார்த்து வாசலில் அண்ணன். தலையில் சீர்த்தட்டு, மேலே மஞ்சள் தடவிய புதுக் கண்டாங்கி. உள்ளே வந்தவர் என்னைப் பார்த்தார். சேலையைப் பார்த்தார். தையலைப் பார்த்தார். தட்டை இறக்கி வைக்கத் தோன்றாமல் அப்படியே நின்றார்.

நான் காளியாயியிடம் திரும்பினேன். "பதினாலும் வந்துச்சு. பதிமூணையும் நான்தான் ரெண்டு ரெண்டா வெட்டி உள்ள கட்டினேன். வெளிய கட்ட வெக்கப்பட்டேன். நான் வெட்டுவேன்னு தெரிஞ்சு, எனக்குக் கையி வலிக்கக் கூடாதுன்னு, வெட்டுற எடத்த விட்டே நெய்யச் சொல்லிக் குடுத்தாரு எங்க அண்ணன். அந்த எடத்தத்தான் தச்சிருக்கேன். நல்லாப் பாத்துக்க."

மாப்பிள்ளையின் தாயார் எழுந்து வந்து அந்தத் தையலைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

அண்ணன் அருகே வந்து மெதுவாகச் சொன்னார்: "இந்தா தாயி, இது முழுச் சேலை. போயி மாத்திக்கிட்டு வா. அது தையல் உறுத்தும்."

"உறுத்தட்டும்ணே" என்று சபையிலேயே அவர் காலில் விழுந்தேன். "அந்த நெசவுக்காரரு உங்கள ஏமாத்துறாருன்னுதான் நெனச்சேன். நெனச்சும் சொல்லல. வெட்டச் சௌகரியமா இருக்குன்னு பன்னண்டு வருசம் வாய மூடிக்கிட்டு இருந்தேண்ணே."

"எந்திரி தாயி, சேலை அழுக்காகுது" என்று தூக்கிவிட்டார். "நீ எங்க கேட்டுருவியோன்னு ஒவ்வொரு பொங்கலுக்கும் நானும் பயந்துக்கிட்டேதான் வருவேன். கேட்டா என்ன சொல்றதுன்னு எனக்கும் தெரியாது."

புதுச் சேலையை அழகிக்குக் கட்டிவிட்டேன். மாமன் கொண்டுவந்த முழுச் சேலையில் அவள் சபைக்கு வந்தாள். அண்ணன் வெற்றிலை மாற்றினார். பரிசம் நல்லபடி முடிந்தது.

பந்தியில் அவருக்கு நான்தான் பரிமாறினேன். நெய்யை நான் ஊற்றிக்கொண்டே இருக்க, அவர் கையை வைத்து மறித்துக்கொண்டே கேட்டார்: "அப்ப அடுத்த பொங்கலுக்குச் சொக்குகிட்ட என்ன சொல்லட்டும்? எடம் விடவா, வேணாமா?"

"விட்டே நெய்யச் சொல்லுங்கண்ணே. பெரிய வீட்டு ஆச்சி நாளைக்கே வேற சேலைக்குப் போயிட்டாகன்னா தெருவே அவுக பின்னாடி போகும். நானும் போனாலும் போவேன்."

அவருக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது. தண்ணீர்ச் செம்பை நகர்த்தி வைத்து, தலையைத் தட்டிக்கொடுத்தேன். இந்த மனிதரை எனக்கு அண்ணனாகக் கொடுத்த சாமிக்கு, எந்தச் சாமியோ, அன்றைக்கு மனசுக்குள் விழுந்து கும்பிட்டேன்.

அடுத்த தைப்பொங்கலுக்குச் சீர் வந்தது. கறுப்பில் சிவப்புக் கட்டம். அண்ணன் கிளம்பிப் போன பிறகு பிரித்துப் பார்த்தேன். சரியாக நடுவில் இரண்டு விரற்கடை, இரண்டு பக்கமும் கெட்டிக் கரை. பெட்டிக்குள் கத்தரியும் ஊசியும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. ஊசியை எடுத்துச் சிவப்பு நூலைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.